புதுச் சாமைக்கு முந்தைய நாற்பது நாட்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் மலையில் ஏழு மாதம் ஒரு கஞ்சித் தொட்டி இருந்தது. அதில் அகப்பை பிடித்தவன் நான். தொட்டி என்று பெயர்தானே தவிர, மூன்று கல் வைத்த அடுப்பு, அதன்மேல் ஒரு பெரிய பித்தளை அண்டா, தலைக்கு மேலே மூங்கில் நட்டுப் புல் வேய்ந்த ஒரு பந்தல், அவ்வளவுதான். அந்த அடுப்பு எப்படி அணைந்தது என்பதை எழுதுகிறேன். எப்படி எரிந்தது என்பதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியும் விட்டார்கள்.

அதற்கு முந்திய இரண்டு வருஷமும் எங்கள் மலைப் பகுதியான ஆலத்தூர் நாட்டில் சாமை கைகொடுக்கவில்லை. முதல் வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷம் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் விடாமல் பெய்து, அறுத்ததில் பாதிக்கு மேல் பதர். வேறு காலமாக இருந்தால் மிளகையும் தேனையும் தலையில் சுமந்து கீழே இறக்கி, சந்தையில் கொடுத்துச் சோளமோ கம்போ வாங்கி ஏறிவிடுவோம். பர்மா அரிசி நின்றபிறகு கீழேயே தானியம் இல்லை. இருந்தவர்கள் ஒளித்து வைத்தார்கள். காட்டுக்குள் கிழங்கு தோண்டப் போனால் பாரஸ்ட் கார்டு கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு துரத்தினான். விதைக்கென்று மூங்கில் கூடையில் சாணி மெழுகி மூடி வைத்திருந்ததையும் நாங்கள் அந்தப் பங்குனியில் தின்று தீர்த்தோம். விதையைத் தின்றவன் அதை வெளியே சொல்ல மாட்டான். எல்லாரும் தின்றோம், ஒருவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்து வியாபாரிகள் சிலரும் பண்ணையக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். விளைந்த வீடுகளில் போய்த் தானியம் கேட்டு வாங்கி, விளையாத இடங்களுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களை வாய் கூசாமல் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அந்த ஏழு மாதத்தில் எங்கள் ஊரில் பசியால் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

முதலில் கீழேயிருந்து ஒரு சமையற்காரரை அனுப்பினார்கள். மூன்று நாள் அவர் காய்ச்சியதை ஒருவரும் தொடவில்லை. நாட்டுக்கு வெளியே உள்ளவர் வைத்த உலையிலிருந்து எங்கள் ஜனம் வாங்காது. அவர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். மலைக்காரன் ஒருவனே காய்ச்ச வேண்டும், சங்கம் அனுப்பும் கடுதாசியை அவன் படிக்கவும் வேண்டும் என்று தேடியபோது நான் அகப்பட்டேன். சிறு வயதில் அடிவாரத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி நாலாவது வரை படித்திருந்தேன். என் பேச்சைக் கேட்டு அங்கே பிள்ளைகள் சிரித்த சிரிப்பில், அன்று மூடிய வாய் பிறகு சரியாகத் திறக்கவே இல்லை. புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். கஞ்சி ஊற்றுவதற்குப் பேச்சு வேண்டாமே என்று ஒப்புக்கொண்டேன்.

எனக்கும் சேர்த்துப் பேசப் பிறந்தவள் என் அக்கா. அவள் புருஷன் அடிவாரத்துக் காய்ச்சலில் போய்விட்டான். ஏழு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். ஊரின் கடைசிச் சரிவில் அவள் வீடு, அதற்குக் கீழே அவள் சாமைக் காடு. தினமும் முதல் ஆளாகக் கலயத்தை நீட்டுவாள்.

"ஏன்டா, அகப்பை புடிச்சதும் உங்கை சுருங்கிப் போச்சா? பொறந்தவளுக்கே இவ்வளவுதானா? அப்ப மத்தவங்க கலயத்த மோந்து பாத்துட்டுப் போக வேண்டியதுதான்."

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் குனிந்துகொண்டு ஊற்றுவேன். அவளுக்கு ஒரு சொட்டும் அதிகமாக ஊற்றியதில்லை. அதைத்தான் அவள் எல்லார் காதிலும் விழும்படி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

ஆடியில் சங்கம் விதைச் சாமையும் அனுப்பியது. வாங்கி விதைத்தோம். மழை அளவாகப் பெய்தது. ஐப்பசியில் மலை முழுக்கக் கதிர் சாய்ந்து கிடந்தது.

எங்கள் நாட்டில் ஒரு கட்டு உண்டு. புதுச் சாமையை அறுக்கலாம், கட்டலாம், வாசலில் போர் போடலாம். உரலில் போட்டுக் குத்தி உலையில் இடக்கூடாது. கோயில் முன்னால் புதுச் சாமைப் பொங்கல் வைத்து, ஊர்க்கவுண்டர் தன் கையால் சாமிக்குப் படைக்க வேண்டும். அதன் பிறகுதான் எந்த வீட்டிலும் உலக்கை எடுப்பார்கள். சாதாரண வருஷத்தில் இது பெரிய காரியமில்லை. அறுப்பு முடிந்து நாலைந்து நாளில் பூசை நடந்துவிடும். அந்த வருஷம் அறுப்பு முடிகிற வாரத்தில் ஊர்க்கவுண்டரின் தம்பி செத்துப்போனார். முப்பது நாள் தீட்டு. தீட்டுக் கழிந்து வளர்பிறையில் நாள் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் நாற்பது நாள் வந்தது.

ஊர் கூடியபோது ஒருவர், இந்த வருஷம் மட்டும் வேறு யாராவது படைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. முன்னொரு காலத்தில் முந்திக்கொண்டு தின்ற வருஷம் அம்மை வந்து ஊர் பாதியானதை எடுத்துச் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "கஞ்சித் தொட்டிதான் இருக்குதல்ல. பூசை வரைக்கும் அது தாங்கும்," என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது.

அதற்கு நாலாம் நாள் சங்கத்துக் காரியதரிசி மலையேறி வந்தார். பருத்த மனிதர். இதற்கு முன் மலை ஏறியதே இல்லையாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் கொப்புளத்தோடு, இரண்டு கூலியாட்கள் துணைக்கு வர வந்து சேர்ந்தார். அந்த நேரம் ஊரில் ஆண்கள் இல்லை, மிச்சமிருந்த அறுப்புக்குப் போயிருந்தார்கள். அக்கா கிழங்கு தேடிப் போயிருந்தாள். ஊர்க்கவுண்டர் தீட்டு வீட்டுக்காரர், விருந்தாளியை எதிர்கொண்டு வரமாட்டார். பந்தலில் அண்டாவைக் கழுவிக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஆளுயரப் போர். ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். மணி மணியாக நின்றது. அவர் கண் கலங்கிவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

"எல்லாம் நம்ம சங்கத்து வெதைதானப்பா?"

"ஆமாங்க."

"ஊட்டுக்கு ஊடு வெளைஞ்சிருக்குதா?"

"ஆமாங்க."

"அப்ப இனிமே கஞ்சிக்கு அவசியமில்லே. அப்படித்தானே?"

நான் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. பூசைக்கு முன்னால் தின்னமாட்டோம். அது நெஞ்சு வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் தானியத்தைக் குவித்து வைத்துக்கொண்டு இன்னும் கஞ்சி ஊற்றுங்கள் என்று கேட்டால் இவர் என்ன நினைப்பார், சிரிப்பாரா, பேராசை பிடித்தவர்கள் என்பாரா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடி நீண்டுகொண்டே போனது. கால் கட்டைவிரலால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் கூலியாட்களைத் திரும்பிப் பார்த்து, "வெக்கப்படறான் பாரு. நன்றி சொல்லக்கூடத் தெரியலே, பாவம்," என்றார்.

கீழே நூல் வராமல் தறி நின்றுபோன நெசவாளர்கள் குடும்பத்தோடு பட்டினி கிடப்பதாகவும், மலைக்கு வந்த தானியம் இனி அவர்களுக்குப் போகும் என்றும் சொன்னார். எனக்கு ஒரு மாதக் கூலியாக மீதமிருந்த சோளத்தில் அரை மூட்டையை அளந்து கொடுத்தார். கழுவி வைத்த அண்டாவைக் கூலியாள் ஒருவன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வெயில் சாய்வதற்குள் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

கலயத்தோடு வந்தவர்கள் வெறும் கல் மூன்றைப் பார்த்து நின்றார்கள். சங்கத்துக் காரியதரிசி வந்து அண்டாவைக் கொண்டுபோய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அண்டா நாளைக்கு வரும், வேறு அண்டா வரும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அவரு கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலே."

"அதத்தான்டா கேக்கறேன்."

என் சோளத்தில் நாலில் ஒரு பங்கை அவளுக்குக் கொடுத்தேன். மீதியை என் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்குமாகப் பிரித்ததில் பத்து நாளில் தீர்ந்தது. அது கீழ்நாட்டுத் தானியம், அந்தக் கட்டுக்குள் வராது. பிறகு வாழைத்தண்டு, கீரை, கிழங்கு. வாசலில் போர் உயரமாக நின்றது. கோழிகள் அதன் அடியில் கிளறிக் கொத்தித் தின்றன. கோழிக்குக் கட்டு இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் நான் கீழே போனேன். அக்காதான் விரட்டினாள். வழி நெடுக அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். காரியதரிசி தன் மண்டியில் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். சொன்னது அவருக்கு முழுதும் விளங்கியது. விளங்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

"நாப்பது நாளா? ஏம்ப்பா, அன்னிக்கே இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா அண்டாவ எறக்கியிருப்பனா? தானியம் நெசவுக்காரங்ககிட்டப் போயிருச்சு. அந்தப் பொம்பளைங்க கையிலிருந்து திரும்பப் புடுங்கச் சொல்றியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர், சாமிக்குச் சீக்கிரமாகவே பூசையைப் போட்டுவிடச் சொல், தானியத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பார்களா என்று கேட்டார். ஒரு படி அரிசியைத் துணியில் கட்டிக் கொடுத்தார். அதோடு மலையேறினேன்.

அடுத்த வாரத்தில் அக்காவின் சின்னப் பெண்ணுக்கு முகம் வீங்கியது. சரியாக ஊறவைக்காத கிழங்கைத் தின்றதால் வயிற்றோட்டம், அதன்மேல் வீக்கம். கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நான் கொண்டுவந்த அரிசியில் கஞ்சி மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் உச்சிப் பொழுதில் ஊரே ஒரு சத்தத்தைக் கேட்டது.

உலக்கைச் சத்தம். சாமையை மறைத்துத் தின்ன முடியாது. உமி போகக் குத்தியாக வேண்டும், குத்தினால் எதிர்ச்சரிவு வரைக்கும் கேட்கும். அவள் மறைக்க நினைக்கவும் இல்லை. வாசல் உரலில், வெயிலில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்று குத்தினாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். அன்று அவள் வீட்டில் மட்டும் புகை எழுந்தது. குழந்தை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தூங்கியது.

ஊர் கூட்டினார்கள். ஊர்க்கவுண்டர் தீட்டுக்காக எல்லாரிடமிருந்தும் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கா நடுவில் நின்றாள். அவள் அழவில்லை, வாதாடினாள்.

"இது நம்ம வெதையில்லீங்க. நம்ம சாமிக்கு முன்னால வெச்சு எடுத்த வெதைய நாம எல்லாருமே பங்குனியில தின்னு போட்டோம். அதுக்கு இங்க யாரும் கூட்டம் போடலே. இது சங்கத்துக்காரன் குடுத்தது. இதுக்கு எங்க இருந்துங்க வந்துச்சு கட்டு?"

விதையைத் தின்றதை அவள் வெளியே சொல்லிவிட்டாள். மன்னிக்க முடியாமல் போனது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊர்க்கவுண்டர், "வெதை யாருதா இருந்தா என்னம்மா, மண்ணு யாருது?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பசி உனக்கு மட்டுந்தானா? எம்பேரனும் வாடித்தான் கெடக்கறான்."

அதுவும் உண்மை. அவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினாள். "எந்தம்பியக் கேளுங்க. கஞ்சி ஊத்தறத ஏன் நிறுத்துனாங்கன்னு அவன் சொல்லட்டும். ஊரு முழுக்க அத நம்பித்தான இருந்துச்சு? சொல்லுடா சாமி."

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், என்னால்தான் அண்டா போனது என்று சொன்னால் குற்றம் பாதியாகும். யார் கண்டது, முழுதும் என்மேல் வந்து அவளை விட்டிருப்பார்கள். முன்பு சங்கத்துக்காரரிடம் நான் வெறுமனே பேசாமல் நின்றேன். இந்தத் தடவை வாய் திறந்தது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பித் தீர்ப்பைக் கேட்க நின்றாள்.

தீர்ப்பு கடுமையானதென்று சொல்ல முடியாது. ஓர் ஆடு கொடுத்து, பூசை அன்று கோயில் முன்னால் விழுந்து, செய்தது தப்பு என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதுவரை ஊற்றில் தண்ணீர் மொள்ளக்கூடாது, அவள் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக்கூடாது. ஆட்டை நானே தருகிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். ஆடு இருக்குது, சொல்லுக்கு எங்க போறது என்று கதவுக்குள்ளிருந்தே கேட்டாள்.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியோடு அவள் மலை இறங்கிவிட்டாள். பையன் ஒரு மூட்டையைச் சுமந்தான். பெண்ணை அவள் இடுப்பில் வைத்திருந்தாள். போர் வாசலிலேயே நின்றது. அதில் அவள் எடுத்தது ஒரே ஒரு கட்டு. மிச்சத்தை ஊர் எடுத்துக் கோயிலுக்குச் சேர்த்தது. அதையும் சேர்த்துத்தான் பொங்கல் வைத்தார்கள். நாற்பது நாள் கழித்துத் தின்ற புதுச் சாமைச் சோறு. ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த தைச் சந்தையில் சங்கம் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தது. யாரும் கேட்காமலே மலை ஜனங்கள் தாங்களாக முன்வந்து, எங்களுக்கு இனி வேண்டாம், கஷ்டப்படுகிற வேறு ஆட்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இதைப் போல் மற்ற ஊர்களும் நடக்க வேண்டுமாம். படித்துச் சொல்லச் சொல்லி ஊர்க்காரர்கள் என்னிடம் நீட்டினார்கள். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கச் சேர்வராயன் மலைக்குப் போனேன். வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் வீடுகளில் ஓர் அறை அவளுக்கு. அவளுக்கு முடி நரைத்திருந்தது. சின்னப் பெண் கன்னம் உப்பி ஓடிக்கொண்டிருந்தாள், இந்த உப்பல் நல்ல உப்பல். கூப்பன் அரிசிச் சோறு போட்டாள். நான் தின்னும்போதே பெண் வந்து தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடினாள். அக்கா அதட்டவில்லை.

"இங்க பசிச்சா திங்கலாம்டா. அவ்வளவுதான் இங்க இருக்கற நல்லது. மத்ததெல்லாம் அடியும் ஏச்சுந்தான்."

தின்று முடித்துக் கை கழுவியதும், எதற்கு வந்தாய் என்று கேட்டாள். சும்மா பார்க்கத்தான் என்றேன்.

"ஊர்க்கவுண்டரு சொல்லி அனுப்புச்சாரா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். ஆடுகூட வேண்டாம், வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், காடு அவளுக்கே என்று அவர் சொல்லியிருந்தார். அதைக்கூட நான் சொல்லவில்லை, அவளாகவே ஊகித்துக்கொண்டாள்.

"சரி, வாரேன். நீ முதல்ல அந்தக் கோயிலு முன்னால நின்னு, அண்டா போனது உன்னாலதான்னு ஊரு கேக்கச் சொல்லு. நீ சொன்ன சேதி எங்காதுக்கு வரட்டும். வந்தா நானும் வந்து என் தப்பச் சொல்றேன்."

சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு புதுச் சாமைப் பூசை நடந்துவிட்டது. அவள் காட்டை ஊர்க்கவுண்டரின் மருமகன் உழுகிறார். முதல் வருஷம், கூட்டம் அதிகம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷம் கூட்டம் குறைவு, ஒவ்வொருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. படையல் முடிந்ததும் ஊர்க்கவுண்டர், யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருக்கவும் செய்தார். நான் கடைசி வரிசையில் நின்று, இலையில் வந்த என் பங்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.